எலுமிச்சம்பழத்தில் போன் சார்ஜ் ஏறுமா? செய்து, அளந்து, கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் அக்கா மகள் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக ஆறு எலுமிச்சம்பழத்தையும் ஒரு பழைய சார்ஜர் வயரையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, இதுல அம்மா போனை சார்ஜ் போடணும். வீடியோல ஏறுது பாரு."

ஏறவில்லை. ஆனால் அன்று ஆரம்பித்த வேலை மூன்று வாரம் ஓடியது. அதில் என்ன செய்தோம், எது வேலை செய்தது, எது வெறும் வீடியோ வித்தை என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். வேண்டியவை எல்லாம் சமையலறையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் மட்டும் இல்லாமல் இறங்காதீர்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் இருக்கும் மலிவான மீட்டரே போதும். அது இல்லாவிட்டால் நீங்களும் வீடியோவை நம்புகிற ஆள்தான்.

இந்த வித்தைக்கு வயது கொஞ்சம் அதிகம். 2007-ல் யூடியூபில் ஒரு வீடியோ சக்கைப்போடு போட்டது. வெங்காயத்தில் ஓட்டை போட்டு, விளையாட்டு வீரர்கள் குடிக்கும் உப்பு பானத்தில் ஊறவைத்து, யூஎஸ்பி வயரின் முனையை அதில் குத்தினால் ஐபாட் சார்ஜ் ஆகிறதாம். ஆகாது. ஏன் என்பதற்கு மின்னணுப் படிப்பு தேவையில்லை, பாட்டியின் சமையலறை போதும்.

மின்சாரம் பழத்தில் இல்லை

பித்தளைப் பாத்திரத்தில் புளி போட்டு எதையும் வைக்கக் கூடாது, களிம்பு ஏறிவிடும் என்பார்கள். அதனால்தான் ஈயம் பூசினார்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறுகாயைப் போட்டு மேலே அலுமினியத் தாளால் மூடி, தாள் ஊறுகாயைத் தொட்டபடி நாலு நாள் விட்டுப் பாருங்கள். தாளில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்திருக்கும். அது ஒரு பேட்டரி. எவர்சில்வர் ஒரு முனை, அலுமினியம் இன்னொரு முனை, நடுவில் உப்பும் புளிப்பும். யாரும் வயர் இழுக்காததால் மின்சாரம் அங்கேயே ஓடித் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு வேறு வேறு உலோகங்கள், நடுவில் உப்போ புளிப்போ உள்ள ஈரம். 1800-ல் இத்தாலியில் வோல்ட்டா அடுக்கிய முதல் மின்கலமும் இதேதான்: துத்தநாகத் தட்டு, வெள்ளி அல்லது செம்புத் தட்டு, இடையில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை. எலுமிச்சை செய்வது அந்த ஈர அட்டையின் வேலையை மட்டும். எரிபொருள் துத்தநாகம். அது கரையும்போது எலெக்ட்ரான்களை விடுகிறது, அவை வயர் வழியாகச் செம்புக்குப் போகின்றன.

இப்போது அந்த வெங்காயத்துக்குத் திரும்புங்கள். யூஎஸ்பி முனையில் உள்ள எல்லா பின்னும் ஒரே உலோகப் பூச்சு. இரண்டு உலோகமே இல்லாத இடத்தில் வோல்ட் எங்கிருந்து வரும்?

முதல் படி: சாமான்

செம்புக்கு வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரை உரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செம்புத் தகடு. துத்தநாகத்துக்கு ஜிஐ ஆணி, அதாவது கூரைத் தகரத்துக்கு அடிக்கும், மேலே சாம்பல் பூச்சுள்ள ஆணி. சாதாரண இரும்பு ஆணி வாங்கி வந்து "வோல்ட் பாதிதான் வருது" என்று புலம்புகிறவர்கள் நிறைய. முதல் நாள் நானும் அதைத்தான் செய்தேன். துத்தநாகத் தகடாகவே வேண்டுமானால் பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும்.

இவற்றோடு கிளிப் வைத்த வயர் பத்து, ஒரு சிவப்பு எல்இடி, மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் எல்லாம் முடிந்துவிடும். மற்ற ஊர்களில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர்க்காரர் ரெசிஸ்டருக்குக் காசே வாங்கவில்லை.

இரண்டாம் படி: ஒரு பழம்

பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள், ஜூஸுக்குப் பிழிவதற்கு முன் செய்வதுபோல. உள்ளே சுளைகள் உடைந்து சாறு பரவ வேண்டும். ஆணியை ஒரு பக்கம், செம்பை ஒரு பக்கம், ஒரு விரல் அகல இடைவெளியில் குத்துங்கள். உள்ளே இரண்டும் தொடக் கூடாது. மீட்டரின் சிவப்பு முனை செம்பில், கறுப்பு முனை ஆணியில்.

எங்களுக்கு 0.93 வோல்ட் காட்டியது. பிள்ளை குதித்தாள். ஆறு பழத்தை வரிசையாக இணைத்தோம்: முதல் பழத்தின் செம்பு அடுத்த பழத்தின் ஆணிக்கு, அதன் செம்பு அதற்கடுத்த ஆணிக்கு. ஐந்தரை வோல்ட்டைத் தாண்டியது. யூஎஸ்பிக்கு வேண்டியது 5 வோல்ட். "பாத்தியா மாமா!"

வீடியோக்காரர்கள் கேமராவை நிறுத்துவது இந்த இடத்தில்தான். நாம் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரே பழத்தில் நாலு ஜோடி குத்தினால் நாலு மடங்கு வோல்ட் வரும் என்று நினைக்காதீர்கள். ஜோடிக்கு ஒரு பழம், அல்லது தனித்தனியாக வெட்டிய அரைப்பழம். ஒரே சாற்றுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மூன்றாம் படி: சுமை ஏற்றி அளப்பது

மீட்டர் வோல்ட் அளக்கும்போது பழத்திடம் ஏறக்குறைய எதையும் கேட்பதில்லை. கேட்காதவரை எல்லோரும் பணக்காரர்தான். கடன் கேட்டால் தெரியும். ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரைச் செம்புக்கும் ஆணிக்கும் நடுவில் இணைத்துவிட்டு மறுபடி அதே இரண்டு முனையில் அளந்து பாருங்கள்.

எங்கள் பழத்தில் 0.93 சரிந்து 0.31-ல் நின்றது.

இந்த ஒரு எண்ணிலிருந்து எல்லாம் வந்துவிடும். 0.31 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.31 மில்லியாம்ப், அதுதான் ஓடும் மின்னோட்டம். மீதி 0.62 வோல்ட் எங்கே போயிற்று? பழத்துக்குள்ளேயே தடைபட்டுச் செத்தது. 0.62-ஐ 0.31 மில்லியாம்பால் வகுத்தால் 2,000 ஓம். பழத்தின் உள்தடை அது. இப்படிப்பட்ட மின்கலத்திலிருந்து அதிகபட்சம் கறக்கக்கூடிய திறன், வோல்ட் பாதியாகும் இடத்தில் கிடைக்கும்: 0.465 வோல்ட், 0.23 மில்லியாம்ப். பெருக்கினால் 0.1 மில்லிவாட்டுக்குச் சற்று மேல்.

உங்கள் பழத்தில் எண் கொஞ்சம் மாறும். ஆணி தடிமன், இடைவெளி, சாறு எல்லாம் பொறுத்தது. முறை மாறாது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, மொட்டைமாடித் தொட்டியைக் காட்டினேன். தொட்டி உயரத்தில் இருக்கிறது, தண்ணீரும் நிறைய இருக்கிறது. ஆனால் கீழே வரும் குழாய் ஊசி மருந்து போடும் ஊசி அளவு. குளிக்க முடியுமா?

நான்காம் படி: போனுக்கு எத்தனை பழம்

மெதுவான பழைய சார்ஜர் அளவுக்கே கணக்குப் போடுவோம்: 5 வோல்ட், 500 மில்லியாம்ப், ஆக 2.5 வாட். பழம் ஒன்றுக்கு 0.465 வோல்ட் வீதம் 5 வோல்ட்டுக்கு 11 பழம் ஒரு வரிசை. ஒரு வரிசை தருவது 0.2325 மில்லியாம்ப். 500 மில்லியாம்புக்கு 2,150 வரிசை. 11 × 2,150 = 23,650 பழம்.

பழம் 40 கிராம் என்றால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று 5 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சத்து பதினெட்டாயிரம் ரூபாய். 5,000 மில்லியாம்ப்-மணி பேட்டரி உள்ள போனின் கொள்ளளவு சுமார் 19 வாட்-மணி, அதாவது நாள் முழுக்க எட்டு மணி நேரம் இந்த ஒரு டன் பழமும் சோர்வில்லாமல் வேலை செய்ய வேண்டும். அதே 19 வாட்-மணி கரண்ட் பில்லில் 0.02 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றாலும் 12 காசு.

பெரிய அளவில் செய்தவர்களும் உண்டு. 2021-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2,923 எலுமிச்சையை இணைத்து 2,307.8 வோல்ட் எடுத்து கின்னஸ் சாதனை செய்தது. வகுத்துப் பாருங்கள், பழத்துக்கு 0.79 வோல்ட். நம் வீட்டு ஆணிக்கும் அதே கதைதான். சாதனை வோல்ட்டில் இருப்பதைக் கவனியுங்கள். வோல்ட்டை ஏற்றுவதுதான் இதில் சுலபமான பாதி.

இன்னொரு கணக்கு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கிராம் துத்தநாகம் முழுதாகக் கரைந்தால் 820 மில்லியாம்ப்-மணி தரும். 19 வாட்-மணியை 0.465 வோல்ட்டில் எடுக்க 41 ஆம்ப்-மணி வேண்டும், அதற்கு ஏட்டுக் கணக்கில் 50 கிராம் துத்தநாகம் போதும்! எரிபொருள் ஒரு கைப்பிடி, அதை எரிக்க ஒரு டன் பழம். நடைமுறையில் புளிப்பு சும்மாவே துத்தநாகத்தை அரித்து ஹைட்ரஜன் குமிழியாக வீணாக்குவதால் இன்னும் அதிகம் கரையும். அந்தத் துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும் ஆலை ஏற்கெனவே இதைவிட அதிக மின்சாரம் செலவழித்துவிட்டது என்பது தனிக்கதை. இலவச மின்சாரம் என்று யாராவது சொன்னால் ஆணிக்கு யார் காசு கொடுத்தது என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: வேறு என்னென்ன போட்டுப் பார்த்தோம்

புளிக்கரைசல், புளித்த மோர், வாழைத்தண்டு, நெல்லிக்காய், வெறும் கல்லுப்புத் தண்ணீர். வோல்ட் எல்லாவற்றிலும் அநேகமாக ஒரே மாதிரி, முக்காலுக்கும் ஒன்றுக்கும் இடையில். வோல்ட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உலோக ஜோடி என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் கிடையாது. சுமை ஏற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும். டம்ளர் உப்புத் தண்ணீர் எலுமிச்சையை முந்தியது. பழத்தை வீணாக்காதீர்கள் என்று அக்கா சொன்னதற்கு அறிவியல் ஆதாரம்.

இதில் உருளைக்கிழங்குக்குத் தனி மரியாதை தர வேண்டும். 2010-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சைக் கிழங்குக்குப் பதில் எட்டு நிமிஷம் வேகவைத்த கிழங்கைப் பயன்படுத்தினால் திறன் பத்து மடங்கு வரை கூடுகிறது என்று காட்டினார்கள். வேகும்போது செல்களின் சவ்வுகள் உடைந்து உப்புகள் தாராளமாக நகர வழி கிடைக்கிறது, உள்தடை விழுகிறது.

செய்முறை: கிழங்கை எட்டு நிமிஷம் கொதிக்கும் தண்ணீரில் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். ஆறியதும் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லையாக வெட்டுங்கள். ஆணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தீப்பெட்டி அளவு துத்தநாகத் தகடு கீழே, வில்லை நடுவில், அதே அளவு செம்புத் தகடு மேலே. ரப்பர் பேண்டு போட்டு இறுக்குங்கள், பிதுங்குகிற அளவுக்கு வேண்டாம். பரப்பு கூடியது, இடைவெளி குறைந்தது, கிழங்கும் வெந்தது. மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

எங்களுக்குச் சுமையில்லாமல் 0.88 வோல்ட், ஒரு கிலோ ஓம் போட்டதும் 0.66. உள்தடை 2,000 ஓமிலிருந்து சுமார் 330-க்கு இறங்கிவிட்டது. எலுமிச்சையைவிட ஐந்து மடங்குத் திறன். போனுக்கு இன்னும் நாலாயிரம் வில்லைக்கு மேல் வேண்டும், அது வேறு விஷயம்.

ஆறாம் படி: இதில் உண்மையிலேயே ஓடுவது

சிவப்பு எல்இடி எரிய 1.8 வோல்ட் வேண்டும். நாலு எலுமிச்சை வரிசையில் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால் மினுக்கம் தெரியும். நாலு கிழங்கு வில்லையில் பகலிலேயே தெரிந்தது. எல்இடியின் நீளக் கால் செம்புப் பக்கம். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் தேவை என்பதால் ஆறு வில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது பட்டன் செல்லில் ஓடும் சின்ன டிஜிட்டல் கடிகாரம், எண் மட்டும் காட்டுவது. அது கேட்பது மில்லியாம்பில் ஆயிரத்தில் சில பங்கு. செல்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிளஸ், மைனஸ் பார்த்து இரண்டு வில்லையின் வயரைக் கொடுத்தோம். எண் பளிச்சென்று வந்தது. அக்கா மகள் அதை ஐந்து நிமிஷம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டன் செல் கால்குலேட்டரும் ஓடும். சுவர்க்கடிகாரம், ரிமோட், டார்ச் எல்லாம் எலுமிச்சையில் ஏமாற்றத்தான் செய்யும்.

ஏழாம் படி: சார்ஜ் ஏற்றியே தீருவேன் என்பவர்களுக்கு

இதற்குப் பழத்தை மறந்துவிட்டு உப்பு, கரி, அலுமினியத் தாள் என்று போக வேண்டும். மூன்றும் சமையலறைச் சாமான்தான், கரி மட்டும் கொஞ்சம் விசேஷம். விறகடுப்புக் கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மீன்தொட்டிக் கடையில் வடிகட்டிக்காக விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் வாங்குங்கள், அம்மியிலோ உரலிலோ தட்டிக் கொரகொரப்பாக்குங்கள். பிறகு உரலைக் கழுவுவது உங்கள் பொறுப்பு.

உள்ளங்கை அளவு அலுமினியத் தாள். அதன் மேல் கெட்டி உப்புக் கரைசலில் நனைத்த டிஷ்யூ காகிதம், தாளைவிடச் சற்றுப் பெரியதாக. அதன் மேல் கரித்தூளை ஒரு குவியலாகப் போட்டு, அதன்மேலும் உப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு எவர்சில்வர் கரண்டியால் நன்றாக அழுத்துங்கள். கரி தாளைத் தொட்டால் எல்லாம் வீண். கரண்டி பிளஸ், தாள் மைனஸ். இங்கே எரிகிறது அலுமினியம், கரியின் நுண்துளைகளில் புகும் காற்றின் ஆக்சிஜன் மறுமுனை வேலையைப் பார்க்கிறது. ஆகவே மூடி வைக்காதீர்கள்.

நாங்கள் செய்ததில் ஒன்று 0.4 வோல்ட்டில் 40 மில்லியாம்ப் தந்தது. 16 மில்லிவாட், எலுமிச்சையைப்போல் நூற்றைம்பது மடங்கு! போனுக்கு இது 150-க்கு மேல் வேண்டும், இழப்பையும் சேர்த்தால் இருநூறு. சாப்பாட்டு மேஜை முழுக்கக் கரி. அதையும் செய்யலாம் என்று தோன்றியது, வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

அனுமதி கிடைத்த அளவு இது: ஐந்து கரிக்கலங்களை வரிசையாக இணைத்து, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடு வழியாக, சார்ஜ் ஏறக்கூடிய நிக்கல் வகைச் சின்ன பேட்டரிக் கட்டை ஒன்றுக்குக் கொடுத்தோம். டயோடு எதற்கென்றால், கரிக்கலம் சோர்ந்தால் கட்டையில் ஏறிய சார்ஜ் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்க. கட்டை 750 மில்லியாம்ப்-மணி, ஓடியது 25 மில்லியாம்ப் சுற்றி. ஏட்டுக் கணக்கில் 30 மணி நேரம். எங்களுக்கு இரண்டரை நாள் பிடித்தது, நடுவில் மூன்று தடவை தாளை மாற்றினோம். சில மணி நேரத்திலேயே தாளில் வெள்ளைக் கூழ் படிந்து ஓட்டை விழுகிறது, ஊறுகாய்ப் பாத்திரத்தில் பார்த்த அதே ஓட்டை. அந்தக் கட்டையைப் போட்ட டார்ச் எரிந்தது. ஆக, சமையலறைச் சாமானால் ஒரு பொருளுக்கு சார்ஜ் ஏற்ற முடியும் என்பது உண்மை.

போனையே இணைத்துப் பார்க்கத் துடிப்பவர்களுக்கு: குறைந்த வோல்ட்டை 5 ஆக ஏற்றித் தரும் குட்டி போர்டுகள் கடையில் கிடைக்கின்றன. அவை வோல்ட்டை ஏற்றும், திறனை உண்டாக்காது. பழத்தில் இணைத்தால் போர்டு விழிக்கும் முன்பே பழம் மயங்கிவிடும். கரிக்கலத்தில் இணைத்தால் போன் சார்ஜ் குறியை ஒரு கணம் காட்டி அணைக்கும், மறுபடி காட்டும். அந்த ஒரு கணத்தை வெட்டி ஒட்டித்தான் வீடியோ வருகிறது.

கட்டாயம் கவனிக்க

குத்திய பழத்தையும் கிழங்கையும் சாப்பிடக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது. துத்தநாகமும் செம்பும் அதில் கரைந்திருக்கிறது. கையில் உப்புத் தண்ணீரோ சாறோ இருக்கும்போது போனின் சார்ஜ் துளைப் பக்கம் போகாதீர்கள். ஒரு சொட்டு உள்ளே போனால் பின்கள் அரித்து, மாற்றச் செலவாகும். பழைய கட்டையை உடைத்துத் துத்தநாகம் எடுக்கும் வேலை வேண்டாம், லித்தியம் பேட்டரி என்றால் தொடவே கூடாது. சுவர் பிளக்குக்கும் இந்தச் சோதனைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது.

கரண்ட் இல்லாத நாளுக்கு

இந்த வீடியோக்கள் புயல் காலத்தில்தான் அதிகம் சுற்றுகின்றன. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டர் இருந்த வீட்டுத் திண்ணையில் போன்கள் வரிசையாகக் கிடந்தன. அந்த நிலையில் எலுமிச்சை உதவாது. மழைக்கால ஆரம்பத்தில் ஒரு பவர் பேங்கை முழுதாக ஏற்றி வையுங்கள், பைக்கில் யூஎஸ்பி பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். 10 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் போனைச் சில மணி நேரத்தில் ஏற்றிவிடும்.

சாப்பாட்டுப் பொருளிலிருந்து நிஜமாகவே மின்சாரம் வேண்டுமென்றால் அதை அழுகவிட வேண்டும். சென்னை கோயம்பேடு சந்தையில் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்க நாளைக்கு 30 டன் அளவில் ஒரு ஆலை கட்டினார்கள். அங்கே காய்கறியே எரிபொருள். நம் எலுமிச்சையில் அதன் சக்தி துளிகூடத் தொடப்படுவதில்லை. வீட்டளவில் எரிவாயுக் கலன் அடுப்பெரிக்க நல்லது, போனுக்காக அதை வாங்குவது கொசுவுக்குக் கோடாலி.

கண்காட்சியில் அக்கா மகள் அட்டையில் பெரிதாக "23,650" என்று எழுதி வைத்திருந்தாள். நடுவராக வந்தவர் என்ன எண் என்று கேட்க, மூன்றாம் படிக் கணக்கைப் பலகையில் போட்டே காட்டினாளாம். முதல் பரிசு பேக்கிங் சோடா ஊற்றிய எரிமலைக்குப் போனது. கிழங்குக் கடிகாரம் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் பதினோரு நாள் ஓடியது. பூசணம் பூத்து, வாடை தாங்காமல் பன்னிரண்டாம் நாள் காலை அக்கா அதைத் தூக்கிக் கொல்லையில் போட்டபோது மணி 7.42 காட்டிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் ஃபாஸ்ட்.